விருந்தினர் கேட்டால் மதுவும் கொடுக்கலாமா?

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நம் நாட்டின் பழைய தருமம். சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லும், கோடையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலும், வழியம்பலமும், வீட்டுத் திண்ணையும் அந்தத் தருமத்துக்குச் சாட்சிகள். ஊர் பேர் தெரியாத ஒருவன் இருட்டில் வந்து நின்றால், "சாப்பிட்டீரா?" என்று கேட்ட பிறகுதான் "எங்கிருந்து வருகிறீர்?" என்று கேட்பார்கள்.

இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் விடுதிகள் செய்கின்றன. கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வருகிறவருக்கும், திருவனந்தபுரத்தில் மருத்துவத்துக்குப் போகிறவருக்கும், நெடுஞ்சாலையில் இரவு வண்டியை நிறுத்துகிறவருக்கும் அறை வாடகைக்குக் கிடைக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்தாலும் அந்நியனுக்கு ஓர் இரவு அடைக்கலம் கொடுப்பது நல்ல தொழில்தான். அதில் குற்றம் இல்லை.

ஆனால் அறையோடு சேர்த்து மதுவும் விற்கப்படும்போது ஒரு கேள்வி எழுகிறது. வந்த விருந்தினர் கேட்கிறார், கையில் பணம் இருக்கிறது, வயதும் வந்திருக்கிறது. அவர் கேட்டதைக் கொடுப்பதுதானே உபசாரம்? அதைத் தடுக்க அரசுக்கு என்ன உரிமை? தடுப்பதானால் யாருக்குத் தடுப்பது, யாருக்கு விடுவது? இது வெறும் சட்டக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. விருந்து என்றால் என்ன, சமம் என்றால் என்ன என்கிற தருமக் கேள்விகள் இதற்குள் இருக்கின்றன.

நட்சத்திரத்தை எண்ணிய சட்டம்

இந்தக் கேள்வியை நமக்கு மேற்கே இருக்கும் கேரளம் நேருக்கு நேர் சந்தித்தது. 2014 ஏப்ரலில், தரமில்லாதவை என்று சொல்லி 418 மதுக்கூடங்களின் உரிமத்தை அந்த மாநில அரசு புதுப்பிக்காமல் நிறுத்திவைத்தது. தரம் இல்லாதது என்றால் தரத்தை உயர்த்திக்கொள்ளட்டும் என்று சிலர் சொன்னார்கள். மூடியதை மூடியபடியே விடுங்கள் என்று மதுவிலக்குக் கேட்டவர்கள் சொன்னார்கள். ஆகஸ்ட் மாதம் அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. ஐந்து நட்சத்திர விடுதிகளில் மட்டும் மதுக்கூடம் இருக்கலாம். மற்ற விடுதிகளில் கூடாது.

மற்ற விடுதிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். "நான்கு நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் நடுவில் இருப்பது நீச்சல் குளமும் அறையின் அகலமும்தான். குடிக்கிறவனுடைய ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ஒரே தொழில் செய்கிற எங்களில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுப்பது எப்படிச் சமநீதி?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 29-ஆம் நாள் அரசின் கொள்கையை ஏற்றுக்கொண்டது. மது விற்பது எந்தக் குடிமகனுக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று முன்பே தீர்க்கப்பட்டிருந்தது. போதை தரும் குடிவகைகளை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவும் சொல்கிறது. அதற்கு மேல் நீதிமன்றம் வேறு சில காரணங்களையும் பார்த்தது. ஐந்து நட்சத்திர விடுதியில் மதுவின் விலை மிக அதிகம். அந்த விலையே ஒரு வேலியாக நிற்கும். அங்கே தங்குகிறவர்கள் முதிர்ந்த வயதினர்; குடிப்பதற்கென்றே அங்கே போகிறவர்கள் அல்லர். சுற்றுலாவையும் அரசு கவனிக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு நெடுநாள் நிற்கவில்லை. மூடப்பட்ட கூடங்களில் பல, பீரும் ஒயினும் மட்டும் விற்கும் கடைகளாகத் திறந்தன. ஆட்சி மாறிய பிறகு 2017 ஜூலை முதல் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் மதுக்கூடம் நடத்த வழி பிறந்தது. அதோடு மது வாங்கும் வயது 21-இலிருந்து 23-ஆக உயர்த்தப்பட்டது.

இந்தக் கதையில் யார் செய்தது சரி?

பந்தியில் இரண்டு வரிசை

மேலோட்டமாகப் பார்த்தால் விடுதிக்காரர்களின் வாதம் அய்யாவழி மக்களின் நெஞ்சைத் தொடும். ஆளுக்கு ஏற்ற உபசாரம் என்பதன் கொடுமையை இந்த மண் நன்றாகவே அறியும். பழைய திருவிதாங்கூரில் அரசுச் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. அங்கே இலை போட்டுச் சோறு பரிமாறியது பிராமணர்களுக்கு. அந்தச் சோற்றுக்கான பணம் வந்த கருவூலத்துக்கோ, பனை ஏறுகிறவனின் ஏணிக்கும் தளைக்கும்கூட வரி போட்டுப் பணம் சேர்த்தார்கள். கொடுத்தவன் வாசலுக்கு வெளியே நின்றான். கொடுக்காதவன் உள்ளே உண்டான்.

அய்யா வைகுண்டர் சாமிதோப்பில் முத்திரிக்கிணற்றை எல்லாருக்கும் பொதுவாக்கியதும், எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சமபந்தி நடத்தியதும் இந்த அநீதிக்கு எதிரான பதில். ஆகவே, 'மேல் விடுதியில் இருப்பவனுக்கு உண்டு, கீழ் விடுதியில் இருப்பவனுக்கு இல்லை' என்று ஒரு சட்டம் சொல்லும்போது நமக்கு உடனே உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். சமபந்தியில் பரிமாறியது சோறு. சோறு உயிரைக் காப்பது. அது ஒருவனுக்குக் கிடைத்து இன்னொருவனுக்குக் கிடைக்காமல் போனால், கிடைக்காதவனுக்கு நட்டம். கிணற்று நீரும் அப்படித்தான். மது அந்த வகையைச் சேர்ந்ததா? 'அவனுக்கு ஊற்றினாயே, எனக்கும் ஊற்று' என்று கேட்பது, 'அவனுக்குச் சோறு போட்டாயே, எனக்கும் போடு' என்று கேட்பதற்குச் சமமாகுமா? நன்மையைச் சமமாகப் பங்கிடுவது தருமம். கேட்டைச் சமமாகப் பங்கிட்டால், கெடுபவர்களின் தொகை கூடுமே தவிர தருமம் கூடாது. ஆகவே சமம் என்ற பெயரைச் சொல்லி எல்லா விடுதிகளிலும் மதுக்கூடம் திறக்கச் சொல்வது தருமத்தின் பேச்சு ஆகாது.

அப்படியானால் நட்சத்திரத்தை எண்ணிய சட்டத்தில் குறையே இல்லையா? உண்டு. விலையை வேலியாக வைக்கும்போது, அந்த வேலி ஏழையை மட்டும்தான் தடுக்கிறது. ஏழையின் கூலியைக் குடி தின்றுவிடாமல் காப்பது நல்லதுதான்; அவன் வீட்டுப் பானையில் அரிசி மிஞ்சும். ஆனால், பணம் உள்ளவன் குடித்தால் நிதானமாகக் குடிப்பான், பணம் இல்லாதவன் குடித்தால் கலகம் செய்வான் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருந்தால், அது பழைய ஊட்டுப்புரையின் நினைப்புத்தான். மனைவியை அடிக்கிற கை கூலிக்காரனுக்கு மட்டும் இருக்கிறதா? குளிரூட்டிய அறையில் நடக்கும் அழுகை வெளியே கேட்பதில்லை. வசதியுள்ளவன் போதையில் ஓட்டிவரும் வண்டி பெரியது. அதன் வேகமும் பெரியது. நடைபாதையில் நடப்பவன்தான் அதன் முன்னால் சின்னவன்.

எனவே கேரளத்தின் அன்றைய சட்டத்தை இப்படி எடை போடலாம். கேட்டைச் சுருக்கியது என்ற அளவில் அது நல்லது. மனிதனின் நிதானத்தை அவன் பணப்பையைக் கொண்டு அளந்தது என்ற அளவில் அது குறையுடையது. வயதை 23-ஆக உயர்த்திய விதியில் அந்தக் குறை இல்லை. அது ஏழை வீட்டுப் பையனையும் பணக்கார வீட்டுப் பையனையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

விருந்தினருக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று

குஜராத்தில் வேறொரு வகையைப் பார்க்கலாம். அந்த மாநிலம் 1960-இல் பிறந்த நாளிலிருந்தே மதுவிலக்கு நடக்கும் பூமி. ஆனாலும் வெளி மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பயணிக்கு அனுமதிச் சீட்டு உண்டு. அதைக் காட்டி, உரிமம் பெற்ற விடுதிகளில் அவர் மது வாங்கலாம். 2023 டிசம்பரில் காந்திநகர் அருகே உள்ள கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்கு இன்னும் ஒரு தளர்வு வந்தது. அங்கே வேலை செய்கிறவர்களும் அலுவலாக வரும் விருந்தினர்களும், உரிமம் பெற்ற விடுதிகளிலும் உணவகங்களிலும் குடிக்கலாம்.

இங்கே அளவுகோல் நட்சத்திரம் அல்ல. விருந்தினர் என்ற நிலை. 'எங்கள் வீட்டு வழக்கம் இது. நீங்கள் வெளியூர்க்காரர், உங்களை வற்புறுத்த மாட்டோம்' என்ற மரியாதை அதில் தெரிகிறது. அதை முழுக்கத் தப்பென்று தள்ள முடியாது. ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தீங்கு என்று சொல்லி விலக்கிய ஒன்றை விருந்தினருக்கு மட்டும் எடுத்து நீட்டும்போது, வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள்: "அது தீங்கு என்றால் வந்தவருக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? தீங்கு இல்லை என்றால் எங்களுக்கு ஏன் மறுக்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாத வீட்டில் சட்டம் இருக்கும், அதன்மேல் மதிப்பு இருக்காது.

தமிழ்நாட்டிலும் விருந்தின் பெயரால் ஒரு முயற்சி நடந்தது. 2023 ஏப்ரலில், கட்டணம் செலுத்தினால் திருமண மண்டபங்களிலும் விருந்தினருக்கு மது பரிமாறச் சிறப்பு உரிமம் பெறலாம் என்ற விதி வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. பெண்ணையும் பிள்ளையையும் வாழ்த்த வந்த கூட்டத்தில் குழந்தைகளும் முதியவர்களும் உண்டு. அந்தப் பந்தியில் போத்தலைக் கொண்டுவந்து வைக்க மக்கள் சம்மதிக்கவில்லை. எந்த இடத்தில் எது தகும் என்ற உணர்வு நம் மக்களிடம் இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஐந்நூறு மீட்டரும் வளைந்த பாதையும்

சட்டத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நெடுஞ்சாலை வழக்குக் காட்டியது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் ஒரு வேர் தமிழ்நாட்டில் இருந்தது. கடைகளுக்குத்தான் தடை, விடுதிகளுக்கு இல்லை என்று சிலர் வாதாடினார்கள். 2017 மார்ச் 31-ஆம் நாள், விடுதியில் உள்ள மதுக்கூடத்துக்கும் இந்தத் தடை உண்டு என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இருபதாயிரமோ அதற்குக் குறைவாகவோ மக்கள் வாழும் ஊர்களில் அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

தீர்ப்பின் நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறவன் தன்னை மட்டும் கொல்வதில்லை. எதிரே வரும் குடும்பம் எந்த மதுவையும் தொட்டதில்லை. ஆனால் அந்த மதுவால் அவர்கள் சாகிறார்கள். குடிப்பது என் சொந்த விருப்பம் என்ற வாதம் விடுதி வாசலில் வண்டிச் சாவியைத் திருகும்போதே முடிந்துவிடுகிறது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். பல மாநிலங்களில் நெடுஞ்சாலைகளின் பெயரையே மாற்றி, அவை நகரச் சாலைகள் என்று அறிவிக்கும் வேலை நடந்தது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு மதுக்கூடம், தன் முன்வாசலிலிருந்து கதவு வரைக்கும் வளைந்து வளைந்து போகும் ஒரு நடைபாதையைக் கட்டியது. கட்டடம் நகரவில்லை, நடக்கும் தூரம் மட்டும் நீண்டது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது.

அந்த வளைந்த பாதையைக் கண்டு நாடே சிரித்தது. ஆனால் அதில் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. 'சாலையில் போகிறவர் உயிர் தப்பவேண்டும்' என்பதற்காகச் சொல்லப்பட்ட ஒரு சொல்லை, 'எத்தனை அடி நடக்க வேண்டும்' என்று மட்டும் கேட்டவர்கள் கலியின் புத்தியால் கேட்டார்கள். கலி எப்போதும் சட்டத்தை நேரே மீறுவதில்லை. சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிடும். எந்த அளவு நாடாவும் இதைத் தடுக்காது. பதியில் கண்ணாடி முன் நிற்கிறவன் தன் முகத்தையே பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு முன் வளைந்த பாதை செல்லாது.

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. வேலியைத் தாண்டும் ஆடு இருக்கிறது என்பதால் யாரும் வேலியைப் பிடுங்கிப் போடுவதில்லை. வேலியும் வேண்டும், மேய்ப்பவனின் கண்ணும் வேண்டும்.

விருந்தோம்பலின் எல்லை

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். விருந்தினர் கேட்டதைக் கொடுப்பதுதானே உபசாரம்?

இல்லை. விருந்தினரைக் காப்பதுதான் உபசாரம். சர்க்கரை நோயுள்ள மாமா பாயசம் இன்னொரு கிண்ணம் கேட்டால், பாசமுள்ள வீட்டில் "போதும் மாமா" என்பார்கள். நீச்சல் தெரியாத பிள்ளை நடுக்குளத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டால் யாரும் தோணியை அவிழ்த்துக் கொடுப்பதில்லை. கேட்டதையெல்லாம் கொடுக்கிறவன் விருந்தோம்பவில்லை; விற்கிறான். விற்பது ஒரு தொழில். அதற்குரிய நேர்மை அதற்கு உண்டு. ஆனால் வீட்டுக்காரர் என்ற பெயரைச் சூடிக்கொண்டவருக்கு அதைவிட ஒரு படி கூடுதல் கடமை உண்டு. அவர் கூரைக்குக் கீழே வந்தவர் அவர் பொறுப்பு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், விடுதிகளில் மதுவைக் கட்டுப்படுத்தும் விதிகளில் எது தருமமான விதி என்பது தெளிவாகும். வயதைக் கேட்டுப் பார்த்து மறுக்கும் விதி தருமமானது. நிலை தடுமாறியவனுக்கு மேலும் ஊற்றக் கூடாது என்ற விதி தருமமானது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்று நாட்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியானால், குடித்தவன் கையில் சாவியைக் கொடுத்து, வணக்கம் சொல்லி, வாசற்கதவைத் திறந்துவிடும் விடுதிக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, அவனை அறைக்கு அனுப்புவதோ வேறு வண்டியில் ஏற்றிவிடுவதோதான் உபசாரம். அந்த இடத்தில் அவன் கோபப்படுவான். காலையில் நன்றி சொல்வான். நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருப்பான்.

அரசுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. நட்சத்திர விடுதிகளுக்கு உரிமம் கொடுப்பதும் அரசுதான். உரிமக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் அதே அரசு, விதிகள் நடக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். வரும் பணத்துக்காக மக்களின் கேட்டைக் காணாதிருந்த அரசை அய்யா எப்படிக் கேள்வி கேட்டார் என்பதும், அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையிருந்தார் என்பதும் இந்த மக்கள் மறக்கக் கூடாதவை.

ஊற்றுகிற கை

இந்தப் பேச்சில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார். அவர் குடிப்பவரும் அல்ல, முதலாளியும் அல்ல. மேசைக்கு மேசை தட்டை ஏந்திப் போகும் தொழிலாளி. குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் விடுதி வேலைக்காகக் கொச்சிக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போயிருக்கிறார்கள். அவர்களில் நெற்றியில் நாமம் இட்டு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. வீட்டில் மதுவைத் தொடாதவன் அங்கே அதை ஊற்றிக் கொடுக்கிறான். அவன் தருமம் என்ன? வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிது. தங்கையின் கல்யாணக் கடனை யார் அடைப்பது?

அவனைப் பழிப்பது நீதியாகாது. கீழே கிடப்பவனைத் தூக்கி நிறுத்துவதுதான் தருமம், மிதிப்பதல்ல. வேறு பிரிவில் வேலை கேட்க முடிந்தால் கேட்கட்டும். சமையலும், வரவேற்பும், அறைப் பராமரிப்பும் மதிப்புள்ள வேலைகளே. முடியாதபோதும் அவன் கையில் ஓர் அதிகாரம் இருக்க வேண்டும்: "போதும் ஐயா, இனி ஊற்ற மாட்டேன்" என்று சொல்லும் அதிகாரம். அப்படிச் சொன்னதற்காக அவன் சம்பளம் குறையக் கூடாது. எத்தனை போத்தல் விற்றான் என்று கணக்குப் பார்த்து அவனுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் வழக்கம் இருந்தால், அது அவன் மனசாட்சியையும் விலைக்கு வாங்கும் வழக்கம். விடுதி நடத்தும் அன்பர்கள் இதை முதலில் ஒழிக்க வேண்டும்.

விடுதி நடத்துகிறவர்கள் வேறொன்றையும் நினைக்கலாம். மது இல்லாமல் விடுதி நடக்காது என்பது உண்மையில்லை. பதிகளுக்கும் கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் குடும்பத்தோடு வருகிறவர்கள் தேடுவது சுத்தமான அறை, சூடான தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் சத்தம் இல்லாத மாடி. பெண் பிள்ளைகளோடு வரும் குடும்பம் மதுக்கூடம் இல்லாத விடுதியைத் தேடி அலைவதும் நடக்கத்தான் செய்கிறது.

வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்தபோது, அந்தக் கட்டுப்பாடு வரித் தண்டனையால் வந்ததல்ல. ஒருவருக்கு ஒரு நெறி, இன்னொருவருக்கு வேறு நெறி என்றும் இருந்ததில்லை. எல்லாரும் ஒரே கடலில் துவைத்தார்கள், ஒரே அளவில் உண்டார்கள். தாமே ஏற்ற கட்டுப்பாடு என்பதால் அது அவர்களை நிமிரச் செய்தது. சட்டம் நட்சத்திரத்தை எண்ணட்டும், மீட்டரை அளக்கட்டும். அது சட்டத்தின் வேலை. விடுதிக்காரரும் பணியாளரும் விருந்தினரும் செய்ய வேண்டிய வேலை வேறு. அது சட்டம் முடியும் இடத்தில் தொடங்குகிறது.

வாசலில் வந்து நிற்பவர் ஐந்து நட்சத்திர அறைக்கு வந்தவரானாலும், நெடுஞ்சாலையோரச் சின்ன விடுதிக்கு வந்தவரானாலும், காலையில் அவர் தம் வீட்டுக்கு நலமாகத் திரும்ப வேண்டும். அவருக்காக ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதை நினைக்கிறவரே விருந்தோம்புகிறவர்.

அய்யா உண்டு!